வெள்ளைக்கு ஒன்று, கருப்புக்கு ஒன்று எதற்கு? வேகம் குறையாமல் நகல் நிரலை ஒழிக்க ஒரு டெம்ப்ளேட் வழிகாட்டி

செஸ் எஞ்சின் எழுதுகிறவர்களில் பலர் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரே ஃபங்ஷனை இரண்டு தடவை எழுதி வைத்திருப்பார்கள். வெள்ளைச் சிப்பாய்களின் நகர்வுகளுக்கு ஒன்று, கருப்புச் சிப்பாய்களின் நகர்வுகளுக்கு ஒன்று. இரண்டும் தொண்ணூறு சதம் ஒன்றுதான். மேலே போகிறதா கீழே வருகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. நல்ல எஞ்சின் ஒன்று சாதாரண மேசைக் கணினியிலேயே நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் நிலைகளைப் பார்க்கும். ஒவ்வொரு நிலையிலும் நகர்வுப் பட்டியல் தேவைப்படும். அந்த இடத்தில் "இப்போது யார் ஆட்டம்?" என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது. அதனால் நகலெடுத்து ஒட்டுகிறார்கள். அப்புறம் ஆறு மாதம் கழித்து ஒரு நகலில் பிழை திருத்தப்படும், இன்னொன்றில் அது அப்படியே கிடக்கும்.

வேகத்தையும் விடாமல் நகலையும் வைக்காமல் இருக்க வழி உண்டு. சி++ மொழியில் அதன் பெயர் டெம்ப்ளேட்: ஃபங்ஷனை ஒரு அச்சுப்போல ஒரு தடவை எழுதினால், கேட்கும் ஒவ்வொன்றுக்கும் கம்பைலரே தனிப் பிரதி உருவாக்கிக்கொள்ளும். வகைகளை மட்டுமல்ல, வெறும் மதிப்புகளையும் டெம்ப்ளேட்டுக்குக் கொடுக்கலாம். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றியதுதான். சிப்பாய் நகர்வை எடுத்துக்கொண்டு, இரண்டு நகலை ஒன்றாக்கும் வேலையை முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்ப்போம். படம் திருத்தும் ஃபில்டர், ஒலி கலக்கும் லூப், மேட்ரிக்ஸ் பெருக்கல் என்று எதற்கும் இதே முறை பொருந்தும்.

ஒரு சின்ன விஷயம். கீழே உள்ள நிரல் வரிகளில் மொழியின் சிறப்புச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை வழக்கம்போல ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சி++17 தெரிந்த கம்பைலர் வேண்டும். ஜிசிசியோ கிளாங்கோ எதுவானாலும் சரி.

முதலில் பலகையைப் புரிந்துகொள்வோம்

பிட்போர்ட் என்பது 64 பிட் எண். கட்டத்துக்கு ஒரு பிட். ஏ1 கட்டம் பூஜ்யமாவது பிட், பி1 ஒன்றாவது பிட், அப்படியே வரிசையாகப் போய் எச்8 என்பது 63ஆவது பிட். வெள்ளைச் சிப்பாய்கள் எல்லாம் ஒரே எண்ணில் இருப்பதால், எல்லாவற்றையும் ஒரு கட்டம் முன்னே தள்ள எட்டு பிட் இடப்பக்கம் நகர்த்தினால் போதும். கருப்புக்கு எட்டு பிட் வலப்பக்கம். எட்டுச் சிப்பாயும் ஒரே கட்டளையில் நகர்ந்துவிடும். இந்த எண் குறியில்லாத வகையாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். குறியுள்ள வகையாக இருந்து, எச்8இல் ஒரு காயும் இருந்தால், வலப்பக்கம் நகர்த்தும்போது மேல் பிட் நகல் நகலாக இறங்கி வரும்.

வெட்டுவதில்தான் சிக்கல். வெள்ளைச் சிப்பாய் வடகிழக்கில் வெட்ட ஒன்பது பிட் இடம், வடமேற்கில் வெட்ட ஏழு பிட் இடம். ஆனால் எச் நெடுவரிசையில் நிற்கும் சிப்பாய்க்கு வடகிழக்கு கிடையாது. நகர்த்தும் முன் அதை மறைக்காவிட்டால், அதாவது அதன் பிட்டைப் பூஜ்யமாக்காவிட்டால், பலகையின் அடுத்த ஓரத்தில் போய் முளைக்கும். ஆகவே வடகிழக்குக்கு எச் வரிசையை மறைக்கிறோம், வடமேற்குக்கு ஏ வரிசையை மறைக்கிறோம்.

இப்போது இந்த வெள்ளை ஃபங்ஷனை நகலெடுத்துக் கருப்புக்கு மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க நகர்வு எல்லாவற்றையும் வலப்பக்கமாக மாற்றினால் முடிந்தது என்றுதான் கை சொல்லும். ஒன்பது பிட், எச் மறைப்பு. ஏழு பிட், ஏ மறைப்பு. அம்பை மட்டும் திருப்பு. தவறு. ஒன்பது பிட் வலப்பக்கம் போனால் அது தென்மேற்கு, அதாவது ஏ பக்கம். மறைக்க வேண்டியது ஏ வரிசையை. இதைக் கவனிக்காமல் விட்டால் ஏ5இல் நிற்கும் கருப்புச் சிப்பாய் (32ஆவது பிட்) ஒன்பது கழிந்து 23ஆவது பிட்டில், அதாவது எச்3இல் இருக்கும் வெள்ளைக் காயை வெட்டும். பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.

இந்தப் பிழை எளிதில் கண்ணில் படாது. தொடக்க நிலையிலிருந்து மூன்று நகர்வு ஆழம் வரை எண்ணிப் பார்த்தாலும் எண்ணிக்கை சரியாகவே வரும். நான்காவது ஆழத்தில்தான் பிசகும். நகல் நிரலின் ஆபத்து இதுதான்: தவறு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும், அதுவும் எப்போதாவதுதான் தலைகாட்டும்.

படி 1: அளந்து பாருங்கள்

நேரம் உண்மையிலேயே இந்த ஃபங்ஷனில்தான் போகிறதா? லினக்ஸில், எந்த ஃபங்ஷனில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியை ஓட்டிப் பாருங்கள். மொத்த நேரத்தில் ஒரு சதவீதம்கூட எடுக்காத ஃபங்ஷன் என்றால் டெம்ப்ளேட் வேண்டாம். நிறத்தைச் சாதாரண பாராமீட்டராக வாங்கி ஒரே ஃபங்ஷனாக எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். நகலை ஒழிப்பதற்கு டெம்ப்ளேட் கட்டாயம் இல்லை. வேகம் குறையாமல் நகலை ஒழிக்கத்தான் அது வேண்டும்.

படி 2: தொடுவதற்கு முன் சோதனையைப் பூட்டுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வேகமான ஃபங்ஷனை மாற்றப் போகிறோம். மாற்றிய பிறகும் பதில் அதேதானா என்று சொல்ல ஏதாவது ஒன்று வேண்டும்.

செஸ்ஸில் அதற்கு அருமையான ஏற்பாடு இருக்கிறது. பெர்ஃப்ட் என்பார்கள். ஒரு நிலையிலிருந்து குறிப்பிட்ட ஆழம் வரை விதிப்படி ஆடக்கூடிய எல்லா வழிகளையும் எண்ணுவது. தொடக்க நிலைக்கு எண்கள் 20, 400, 8,902, 1,97,281, 48,65,609. ஆறாவது ஆழத்தில் 11,90,60,324. உலகில் எந்த எஞ்சின் எண்ணினாலும் இதே எண்தான் வர வேண்டும். ஆனால் தொடக்க நிலை மட்டும் போதாது. காஸ்லிங் (ராஜாவும் யானையும் சேர்ந்து நகர்வது), ஆன் பாஸான் (இரட்டை அடி வைத்த சிப்பாயை அடுத்த நகர்விலேயே வெட்டுவது), சிப்பாய் பதவி உயர்வு எல்லாம் சீக்கிரமே வரும்படி அமைந்த நிலைகளும் வேண்டும். கிவிபீட் என்று எஞ்சின்காரர்கள் அழைக்கும் நிலை அப்படிப்பட்டது. அதன் முதல் மூன்று எண்கள் 48, 2,039, 97,862.

கூடவே ஒரு புரட்டல் சோதனையும் வைத்துக்கொள்ளுங்கள். பலகையை மேல் கீழாகப் புரட்டி, நிறங்களை மாற்றி, ஆட்டத்தையும் அடுத்தவருக்குக் கொடுத்தால் எண்ணிக்கை மாறவே கூடாது. புரட்டுவது சுலபம்: 64 பிட் எண்ணின் எட்டு பைட்டுகளையும் தலைகீழாக அடுக்கினால் பலகை புரண்டுவிடும். மேலே சொன்ன ஏ5, எச்3 பிழையை இந்தச் சோதனை உடனே பிடித்துவிடும், ஏனென்றால் வெள்ளைக்கு அந்தப் பிழை இல்லை.

உங்கள் வேலை செஸ் இல்லை என்றால் இதற்கு இணையான ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். பட ஃபில்டர் என்றால் பழைய ஃபங்ஷனின் வெளியீட்டுப் படங்களைச் சேமித்து வைத்துப் பைட் பைட்டாக ஒப்பிடலாம். மிதவைப் புள்ளி எண்கள் இருந்தால் கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கம் மாறும். எவ்வளவு விலகல்வரை ஏற்பீர்கள் என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 3: வித்தியாசங்களை எழுதுங்கள்

இரண்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபடும் ஒவ்வொரு இடத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். சிப்பாய்க்கு இவ்வளவுதான் வரும்: முன்னே போகும் திசை, கிழக்கே வெட்டும் திசை, மேற்கே வெட்டும் திசை, இரட்டை அடி வைக்க உதவும் வரிசை (வெள்ளைக்கு 3, கருப்புக்கு 6), பதவி உயர்வுக்கு முந்தைய வரிசை (வெள்ளைக்கு 7, கருப்புக்கு 2), எதிரி யார் என்பது.

ஆறு வித்தியாசம். ஆறுமே மதிப்புகள். ஒன்றுகூட வேறு மாதிரியான வேலை இல்லை. இந்த இரண்டு ஃபங்ஷனையும் தாராளமாக ஒன்றாக்கலாம் என்பதற்கு இதுவே அடையாளம். தாளில் இந்த ஆறைத் தவிர வேறு ஏதாவது வித்தியாசம் வந்தால் நின்று பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு பக்கம் மட்டும் திருத்தப்பட்ட பழைய பிழையாக இருக்கும்.

மறைப்பு பற்றிய வித்தியாசம் இந்தப் பட்டியலில் இல்லை, கவனித்தீர்களா? மறைப்பு நிறத்தைச் சேர்ந்தது இல்லை, திசையைச் சேர்ந்தது. கிழக்கே போகும் எதற்கும் எச் மறைப்பு, மேற்கே போகும் எதற்கும் ஏ மறைப்பு. நகலெடுக்கும்போது நடக்கும் தவறுக்குக் காரணமே இதை நிறத்தோடு சேர்த்து எழுதியதுதான். அடுத்த படிகளில் மறைப்பைத் திசையிடமே ஒப்படைத்துவிடப் போகிறோம். அதன்பின் அந்தத் தவறைச் செய்ய இடமே இருக்காது.

படி 4: முதலில் சாதாரண பாராமீட்டர்

நேரடியாக டெம்ப்ளேட்டுக்குத் தாவ வேண்டாம். நிறத்தை ஓடும் நேரப் பாராமீட்டராக வாங்கும் ஒரே ஃபங்ஷனை முதலில் எழுதுங்கள். மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பெர்ஃப்ட் எண்கள் சரியாக வருகின்றனவா பாருங்கள். ஒன்றாக்குவது ஒரு மாற்றம், வேகமாக்குவது இன்னொரு மாற்றம். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது எதை உடைத்தது என்று தெரியாது.

அளந்தும் பாருங்கள், வேகம் எங்கே போகிறது என்று புரியும். பலரும் நினைப்பதுபோல இஃப் கிளைதான் எப்போதும் குற்றவாளி என்று இல்லை. கிளையைத் தவறாக ஊகித்தால் இன்றைய பிராசசரில் சுமார் 15 முதல் 20 சுற்றுகள் வீணாகும் என்பது உண்மைதான். ஆனால் நிறம் மாறி மாறித்தான் வருகிறது, அதைப் பிராசசர் ஓரளவு நன்றாகவே ஊகித்துவிடும். இழப்பு வேறு இடங்களிலும் இருக்கிறது. வெள்ளைக்கு இடப்பக்கம், கருப்புக்கு வலப்பக்கம் என்பதால் ஒரே கட்டளையாக எழுத முடியாது; இரண்டையும் கணக்கிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நகர்த்தும் அளவு மாறிலியாக இல்லாவிட்டால் எக்ஸ்86 பிராசசரில் அதை ஒரு குறிப்பிட்ட ரெஜிஸ்டரில் ஏற்றித்தான் நகர்த்த முடியும் (2013இல் ஹாஸ்வெல்லோடு வந்த புதிய கட்டளைகளில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது). மறைப்புகள் நினைவகத்திலிருந்து வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மதிப்பு தெரியாததால் கம்பைலர் அடுத்தடுத்த ஃபங்ஷன்களை உள்ளே இழுத்துச் சுருக்கத் தயங்கும்.

ஜிசிசியை ஓ3 நிலையில் (ஓ2, ஓ3 என்பவை நிரலை வேகமாக்கக் கம்பைலர் எவ்வளவு முயல வேண்டும் என்று சொல்லும் நிலைகள்) ஓட்டினால் சில சமயம் அதுவே மாறிலி வாரியாக ஃபங்ஷனைப் பிரதி எடுத்துக்கொள்ளும். அது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அடுத்த பதிப்பில் மாறவும் செய்யலாம். டெம்ப்ளேட் எழுதினால் அந்தப் பிரதி கட்டாயம் உருவாகும். கம்பைலரின் விருப்பத்துக்கு விடுவதா, நாமே சொல்லிவிடுவதா என்பதுதான் வித்தியாசம்.

படி 5: திசையை டெம்ப்ளேட்டாக்குங்கள்

அடியிலிருந்து மேலே வருவோம். முதலில் நகர்த்தும் ஃபங்ஷன்.

```
டெம்ப்ளேட் <திசை தி>
கான்ஸ்டெக்ஸ்பர் பிட்போர்ட் நகர்த்து(பிட்போர்ட் ப)
{
    இஃப் கான்ஸ்டெக்ஸ்பர் (தி == வடக்கு)
        ரிட்டர்ன் ப << 8;
    எல்ஸ் இஃப் கான்ஸ்டெக்ஸ்பர் (தி == தெற்கு)
        ரிட்டர்ன் ப >> 8;
    எல்ஸ் இஃப் கான்ஸ்டெக்ஸ்பர் (தி == வடகிழக்கு)
        ரிட்டர்ன் (ப & ~எச்_வரிசை) << 9;
    எல்ஸ் இஃப் கான்ஸ்டெக்ஸ்பர் (தி == வடமேற்கு)
        ரிட்டர்ன் (ப & ~ஏ_வரிசை) << 7;
    எல்ஸ் இஃப் கான்ஸ்டெக்ஸ்பர் (தி == தென்கிழக்கு)
        ரிட்டர்ன் (ப & ~எச்_வரிசை) >> 7;
    எல்ஸ்
        ரிட்டர்ன் (ப & ~ஏ_வரிசை) >> 9;
}
```

கடைசி எல்ஸுக்குத் தென்மேற்கு மட்டும்தான் வர வேண்டும். வேறு எதுவும் நுழையாதபடி ஃபங்ஷனின் தலையில் ஒரு ஸ்டாட்டிக் அஸர்ட் (கம்பைல் நேரச் சோதனை) போட்டு, தி இந்த ஆறில் ஒன்றா என்று கேட்டுவிடுங்கள். தவறான திசையைக் கொடுத்தால் நிரல் கம்பைலே ஆகாது, அதுவும் நீங்கள் எழுதிய செய்தியோடு நிற்கும். டெம்ப்ளேட் பிழைச் செய்திகள் பக்கம் பக்கமாக நீளும் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த ஒரு வரி அதில் பெரும் பகுதியைத் தவிர்க்கும்.

நிபந்தனையைக் கம்பைல் நேரத்திலேயே தீர்த்துவிடும் இஃப் கான்ஸ்டெக்ஸ்பர் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அது சாதாரண இஃப்பைவிட வேகம் என்று நினைக்கிறார்கள். இந்த இடத்தில் சாதாரண இஃப் எழுதினாலும், நிபந்தனை கம்பைல் நேரத்திலேயே தெரிவதால், ஓ2 நிலையில் கம்பைலர் தேவையற்ற கிளைகளை எறிந்துவிடும். கிடைக்கும் கட்டளைகள் ஒன்றுதான். உண்மையான வித்தியாசம் வேறு: டெம்ப்ளேட்டுக்குள் சாதாரண இஃப்பின் எல்லாக் கிளைகளும் கம்பைல் ஆகியே தீர வேண்டும். இஃப் கான்ஸ்டெக்ஸ்பரில் தேர்வாகாத கிளை உருவாக்கப்படுவதே இல்லை. ஒரு வகைக்கு மட்டும் இருக்கும் உறுப்பை ஒரு கிளையில் அழைக்கலாம் என்ற சலுகை அதனால் கிடைக்கிறது. சி++17 வருவதற்கு முன் இதற்காக ஸ்பெஷலைசேஷன் என்று தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தோம். அப்போதும் நகல்கள்தான் முளைத்தன.

படி 6: நிறத்தை டெம்ப்ளேட்டாக்குங்கள்

```
டெம்ப்ளேட் <நிறம் நாம்>
நகர்வு* சிப்பாய்_நகர்வுகள்(கான்ஸ்ட் நிலை& பலகை, நகர்வு* பட்டியல்)
{
    கான்ஸ்டெக்ஸ்பர் பூல்  வெ = (நாம் == வெள்ளை);
    கான்ஸ்டெக்ஸ்பர் நிறம் எதிரி = வெ ? கருப்பு : வெள்ளை;
    கான்ஸ்டெக்ஸ்பர் திசை  முன் = வெ ? வடக்கு : தெற்கு;
    கான்ஸ்டெக்ஸ்பர் திசை  முன்_கிழ = வெ ? வடகிழக்கு : தென்கிழக்கு;
    கான்ஸ்டெக்ஸ்பர் திசை  முன்_மேற் = வெ ? வடமேற்கு : தென்மேற்கு;
    கான்ஸ்டெக்ஸ்பர் பிட்போர்ட் மூன்றாம் = வெ ? வரிசை3 : வரிசை6;
    கான்ஸ்டெக்ஸ்பர் பிட்போர்ட் ஏழாம் = வெ ? வரிசை7 : வரிசை2;

    பிட்போர்ட் காலி = ~பலகை.எல்லாக்_காய்களும்();
    பிட்போர்ட் சிப் = பலகை.சிப்பாய்கள்(நாம்) & ~ஏழாம்;

    பிட்போர்ட் ஓரடி  = நகர்த்து<முன்>(சிப்) & காலி;
    பிட்போர்ட் ஈரடி  = நகர்த்து<முன்>(ஓரடி & மூன்றாம்) & காலி;
    பிட்போர்ட் வெட்டு1 = நகர்த்து<முன்_கிழ>(சிப்) & பலகை.காய்கள்(எதிரி);
    பிட்போர்ட் வெட்டு2 = நகர்த்து<முன்_மேற்>(சிப்) & பலகை.காய்கள்(எதிரி);
    ...
}
```

தாளில் எழுதிய ஆறு வித்தியாசமும் தலையில் வரிசையாக வந்துவிட்டன. அதற்குக் கீழே வெள்ளை, கருப்பு என்ற சொல்லே கிடையாது. இந்த ஒழுங்கைக் கண்டிப்பாகக் காப்பாற்றுங்கள். உடலுக்குள் எங்காவது "நாம் வெள்ளை என்றால்" என்று எழுதத் தோன்றினால், அதை ஒரு பெயருள்ள மாறிலியாக்கித் தலைக்கு ஏற்றுங்கள். 'மூன்றாம்', 'ஏழாம்' என்ற பெயர்கள் ஆடுகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்து வைத்தவை. படிக்கிறவர் ஒரு நிறத்தை மட்டும் மனதில் வைத்துப் படித்தால் போதும்.

புகழ்பெற்ற திறந்த மூல எஞ்சினான ஸ்டாக்ஃபிஷ் செய்வதும் இதைத்தான். 2008இல் கிளவ்ராங் என்ற எஞ்சினிலிருந்து பிரிந்து வளர்ந்தது அது. அதன் சிப்பாய் நகர்வு ஃபங்ஷன் நிறத்தையும் நகர்வு வகையையும் டெம்ப்ளேட் பாராமீட்டராக வாங்குகிறது. மேல், மேல்-வலம், மூன்றாம் வரிசை என்று மாறிலிகளைத் தலையிலேயே அறிவித்துவிடுகிறது. மூலம் பொதுவில் இருப்பதால் திறந்து வாசித்துப் பாருங்கள். டெம்ப்ளேட்டை அளவோடு பயன்படுத்துவது எப்படி என்று கற்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பாராமீட்டருக்கு வெறும் பூல் வைக்காதீர்கள். மெய், பொய், மெய் என்று மூன்று மதிப்பைக் கோணக் குறிக்குள் பார்த்தால் எழுதியவருக்கே அடுத்த மாதம் புரியாது. ஈனம் கிளாஸ் (மதிப்புகளுக்குப் பெயர் வைக்க உதவும் வகை) வைத்துப் பெயர் கொடுங்கள்.

படி 7: வாசலில் ஒரு முறை மட்டும் கேளுங்கள்

டெம்ப்ளேட்டுக்கு மதிப்பு கம்பைல் நேரத்தில் தெரிய வேண்டும். ஆனால் யார் ஆட்டம் என்பது ஓடும்போதுதான் தெரியும். இந்த இரண்டையும் இணைக்கும் இடத்தில்தான் இந்த உத்தியின் பலன் நிற்பதும் விழுவதும்.

```
நகர்வு* எல்லா_நகர்வுகளும்(கான்ஸ்ட் நிலை& பலகை, நகர்வு* பட்டியல்)
{
    ரிட்டர்ன் பலகை.ஆடுபவர்() == வெள்ளை
         ? எல்லாம்<வெள்ளை>(பலகை, பட்டியல்)
         : எல்லாம்<கருப்பு>(பலகை, பட்டியல்);
}
```

ஒரே கேள்வி, ஒரே இடத்தில். உள்ளே போனபிறகு சிப்பாய், குதிரை, யானை, ராஜா எல்லாம் அந்த நிறத்தின் பிரதியாகவே ஓடும். கேள்வியை எவ்வளவு வெளியே வைக்க முடியுமோ அவ்வளவு வெளியே வையுங்கள். நகர்த்து ஃபங்ஷனின் வாசலில் வைத்தால் சிப்பாய்க்கு நான்கு தடவை கேட்பீர்கள், பலன் போய்விடும். மிகவும் வெளியே, தேடல் ஃபங்ஷனுக்கே நிறத்தைக் கொடுத்து, அது தன்னையே எதிர் நிறத்தில் அழைத்துக்கொள்ளும்படி எழுதினால் கேள்வியே இல்லாமல் போகும். ஆனால் அந்தப் பெரிய ஃபங்ஷன் முழுக்க இரண்டாகும். ஸ்டாக்ஃபிஷின் தேடல் ஃபங்ஷன் நிறத்தை டெம்ப்ளேட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலை எந்த வகை (வேர், முதன்மை வழி, மற்றவை) என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் தேடலில் உண்மையாகவே வேறுபடுவது அதுதான்.

சாத்தியங்கள் இரண்டுக்கு மேல் போனால் ஸ்விட்ச் எழுதலாம், அல்லது ஒவ்வொரு பிரதியின் முகவரியையும் ஒரு கான்ஸ்டெக்ஸ்பர் அட்டவணையில் போட்டு எண்ணால் எடுக்கலாம்.

படி 8: பிரதிகள் பெருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

நிறம் இரண்டு. நகர்வு வகை (வெட்டு, அமைதி, முற்றுகையிலிருந்து, அதாவது செக்கிலிருந்து தப்பு, மற்ற எல்லாம்) நான்கு. பெருக்கினால் எட்டுப் பிரதி. இன்னும் இரண்டு ஆம்-இல்லைப் பாராமீட்டர் சேர்த்தால் முப்பத்திரண்டு. மூலத்தில் ஒரு ஃபங்ஷன்தான், ஆனால் பைனரியில் முப்பத்திரண்டு கிடக்கும். கட்டளைகளுக்கான முதல் நிலை கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேகமான சிறு நினைவகம்) பல பிராசசர்களில் 32 கிலோபைட்தான். அதற்குள் அடங்காமல் ஒன்றை ஒன்று வெளியே தள்ளத் தொடங்கினால், மிச்சம் பிடித்த சுற்றுகளைவிட அதிகம் இழப்போம். அளந்து பார்த்தால் டெம்ப்ளேட் சேர்த்ததாலேயே மெதுவான நிரல்களும் உண்டு.

ஆகவே ஒவ்வொரு பாராமீட்டரையும் சேர்க்கும் முன் அது உள்ளே இருக்கும் லூப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் சாதாரண பாராமீட்டரே போதும். பெரிய ஃபங்ஷனில் பத்து வரி மட்டும் நிறத்தைச் சார்ந்திருந்தால் அந்தப் பத்து வரியை மட்டும் டெம்ப்ளேட்டாகப் பிரித்தெடுங்கள். மீதியைப் பொதுவான சாதாரண ஃபங்ஷனாக வையுங்கள். நகர்வுகளைப் பட்டியலில் எழுதும் வேலையும், பிழை வந்தால் அச்சிடும் வேலையும் பிரதிக்குப் பிரதி வேண்டியதில்லை. லினக்ஸில் என்எம் கருவியை அளவுவாரியாக அடுக்கச் சொன்னால் எந்தப் பிரதி எத்தனை பைட் என்று காட்டும்.

டெம்ப்ளேட் என்றால் எல்லாம் ஹெடர் கோப்பில்தான் இருக்க வேண்டும் என்பதும் முழு உண்மை இல்லை. எந்தெந்தப் பிரதி வேண்டும் என்று முன்பே தெரிந்தால், உடலை மூலக் கோப்பிலேயே வைத்து, கடைசியில் 'வெள்ளைக்கு ஒன்று, கருப்புக்கு ஒன்று உருவாக்கு' என்று வெளிப்படையாக எழுதிவிடலாம். கம்பைல் நேரம் குறையும்.

படி 9: வந்த கட்டளைகளைக் கண்ணால் பாருங்கள்

நம்பிக்கையில் விடாதீர்கள். கம்பைலர் தரும் பிராசசர் கட்டளைகளைக் காட்டும் இணையதளமான, மாட் காட்போல்ட் உருவாக்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரரில் ஒட்டிப் பாருங்கள், அல்லது அதே வேலையைச் செய்யும் ஆப்ஜ்டம்ப் கருவியைப் போட்டுப் பாருங்கள். வெள்ளைப் பிரதியில் எட்டு என்ற எண்ணோடு இடப்பக்க நகர்வு, கருப்புப் பிரதியில் எட்டோடு வலப்பக்க நகர்வு தெரிய வேண்டும். நிறத்தை ஒப்பிடும் கட்டளை உள்ளே எங்கேயும் இருக்கக் கூடாது. இருந்தால், ஏதோ ஒரு துணை ஃபங்ஷனுக்கு நிறம் இன்னும் சாதாரண பாராமீட்டராகப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். சிப்பாய்களையும் எதிரியின் காய்களையும் எடுக்கும் அந்த இரண்டு சின்ன ஃபங்ஷன்களை முதலில் சந்தேகப்படுங்கள். அவை இன்னொரு மூலக் கோப்பில் இருந்தால் உள்ளே இழுக்கப்படாமல் போகும்.

அப்புறம் படி 2இல் பூட்டிய சோதனைகளை ஓட்டுங்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஒன்றாக்கிய பிறகு புரட்டல் சோதனையின் பலம் குறைந்துவிடும். பொது உடலில் தவறு செய்தால் அது இரு நிறத்துக்கும் ஒரே மாதிரி நடக்கும், புரட்டினாலும் எண்கள் ஒத்துப்போகும். அந்த வகைத் தவறைப் பிடிக்க பெர்ஃப்ட் போல வெளியிலிருந்து வரும் சரியான எண் கட்டாயம் வேண்டும். ஸ்டாக்ஃபிஷில் பெஞ்ச் என்ற கட்டளை குறிப்பிட்ட நிலைகளைத் தேடி மொத்த எண்ணிக்கை ஒன்றைச் சொல்லும். செயல்பாட்டை மாற்றாத திருத்தம் என்றால் அந்த எண் மாறக் கூடாது. உங்கள் திட்டத்திலும் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மதிப்புக்குப் பதில் செயலைக் கொடுக்க வேண்டியிருந்தால்

இரண்டு நகலுக்கும் நடுவில் ஒரு வரியில் வேறு ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றால், அந்தச் செயலையே லாம்டாவாக (பெயரில்லாத சின்ன ஃபங்ஷனாக) டெம்ப்ளேட்டுக்குக் கொடுங்கள். ஃபங்ஷன் பாயின்டராகக் கொடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் வெளியே அழைத்துத் திரும்ப வேண்டியிருக்கலாம். லாம்டாவுக்குத் தனி வகை இருப்பதால் கம்பைலர் அதை உள்ளேயே விரித்துவிடும். சி மொழியின் கியூசார்ட்டைவிட சி++ நூலகத்தின் சார்ட் பல நேரம் வேகமாக ஓடுவதற்கு இது முக்கியக் காரணம்: ஒப்பிடும் வேலை அழைப்பாக இல்லாமல் லூப்பின் உள்ளேயே இருக்கிறது.

சி மட்டும்தான் என்றாலும் வழி இருக்கிறது. நிறத்தைச் சாதாரண பாராமீட்டராக வாங்கும் ஃபங்ஷனைக் கட்டாயம் உள்ளிழுக்கும் குறிப்போடு எழுதி, வெள்ளை என்ற மாறிலியோடு அழைக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன், கருப்போடு அழைக்கும் இன்னொன்று வைத்தால் கம்பைலர் அதே வேலையைச் செய்யும். ரஸ்ட் மொழியில் 2021இல் 1.51 பதிப்போடு, மதிப்புகளை இப்படிக் கொடுக்க உதவும் மாறிலி ஜெனரிக்ஸ் நிலைபெற்றது. பூலும் முழு எண்களும் கொடுக்கலாம். ஜிக் மொழியில் காம்ப்டைம் என்ற சொல்லைப் பாராமீட்டருக்கு முன் போட்டால் போதும்.

பழைய நகலை எப்போது நீக்குவது, எப்போது விட்டுவைப்பது

எண்கள் ஒத்துப்போனதும், வேகம் பழையதற்குக் குறையாமல் இருப்பதும் தெரிந்த அன்றே பழைய இரண்டு ஃபங்ஷனையும் நீக்குங்கள். "இருக்கட்டும், எதற்கும்" என்று கருத்துரைக்குள் மூடி வைத்தால் மூன்று நகல் ஆகிவிடும்.

ஆனால் எல்லா ஜோடியையும் ஒன்றாக்கியே தீர வேண்டும் என்று கிளம்பாதீர்கள். படி 3இன் தாளில் மதிப்புகளுக்குப் பதில் வேலைகளே வேறுபட்டால், உடல் முழுக்க மூன்று வரிக்கு ஒரு இஃப் கான்ஸ்டெக்ஸ்பர் முளைக்கும். அது ஒரே உறைக்குள் திணித்த இரண்டு ஃபங்ஷன். ராஜா முற்றுகையில் இருக்கும்போது தப்பும் நகர்வுகளையும், சாதாரண நேர நகர்வுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பாய் அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, போகக்கூடிய கட்டங்களின் மறைப்பு மட்டும்தான் வேறு, அங்கே ஒன்றாக்குங்கள். ராஜாவுக்கு வந்தால், இரட்டை முற்றுகையில் ராஜா மட்டுமே நகர முடியும், காஸ்லிங் பேச்சே இல்லை. அந்தப் பகுதியைத் தனியாக, தன் பெயரோடு எழுதி, இரண்டுக்கும் பொதுவான சிப்பாய், குதிரை, யானை வேலைகளை மட்டும் டெம்ப்ளேட்டிலிருந்து அழைத்துக்கொள்ளுங்கள்.